திணைமயக்கமும் ஒரு மிதிவண்டியும்

"ரோட்டுக்கா சார், காட்டுப் பாதைக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். இரண்டுக்கும் என்றேன். "அப்போ ஹைப்ரிட் பாருங்க" என்று சுவரோரம் வரிசையாக நின்ற வண்டிகளைக் காட்டினார். தமிழ் படித்தவனுக்கு ஒரு சொல்லைக் கேட்டதும் கையிலிருக்கும் காரியத்தை விட்டுவிட்டு அதன் வேரைத் தேடிப் போகும் நோய் உண்டு. ஹைப்ரிடா என்ற இலத்தீன் சொல் வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்தது என்று எப்போதோ அகராதியில் பார்த்திருந்தேன். வீட்டுக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட ஒன்று. என் தேவையும் ஏறக்குறைய அதுதான்.

நான் குடியிருப்பது முன்னீர்ப்பள்ளத்தை அடுத்த ஒரு சிற்றூரில். பணி பாளையங்கோட்டையில். ஒரு வழிக்குப் 11 கிலோமீட்டர். முழுவதும் சாலையிலேயே போகலாம். ஆனால் காலை எட்டு மணிக்குப் பேருந்துகளும் லாரிகளும் ஒன்றையொன்று முந்தும்போது, மிதிவண்டிக்காரனுக்கு வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் இடமும் மிஞ்சுவதில்லை. ஆகவே 7 கிலோமீட்டர் தார்ச்சாலை, 4 கிலோமீட்டர் பாளையங்கால்வாய்க் கரை என்று ஒரு வழியை வகுத்துக்கொண்டேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் அரித்துப்போன இடங்களில் சரளை கொட்டியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் டிராக்டர் தடம். ஐப்பசி பிறந்துவிட்டால் அந்தத் தடமும் சேறாகிவிடும்.

ஏன் மிதிவண்டி என்று கேட்ட எல்லோரிடமும் சர்க்கரை என்று சொன்னேன். அது பொய்யல்ல, மருத்துவர் நடக்கச் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளும் நான் நடக்கவில்லை. உண்மைக் காரணம் வேறு. மகளுக்குக் கோவையில் இடம் கிடைத்தது. சுயநிதிப் பிரிவில் பணியாற்றும் எனக்கு மே மாத ஊதியம் கிடையாது. கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாளோ ஜூன் முதல் வாரத்தில் வந்தது. மோட்டார் சைக்கிளை 52,000 ரூபாய்க்கு விற்றேன். 35,000 விடுதிக்கும் கல்லூரிக்கும் போனது. மீதி 17,000. எங்கள் ஊருக்கு வரும் பேருந்து ஒன்று மிக முன்னதாகவும் அடுத்தது முதல் வகுப்பு முடிந்த பிறகும் கொண்டுபோய்ச் சேர்க்கும். மிதிவண்டி வாங்கும் முடிவு இப்படித்தான் எடுக்கப்பட்டது. சர்க்கரை பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

வாங்குவதற்கு முன் பக்கத்து வீட்டுப் பையனின் 'கியர் சைக்கிளை' இரண்டு வாரம் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். பார்வைக்கு மோட்டார் சைக்கிளின் தம்பி போல இருக்கும். முன்னும் பின்னும் சுருள்வில், முள்முள்ளாய்ப் பருத்த டயர். கால்வாய்க் கரையில் அது யானை மாதிரி போயிற்று. தார்ச்சாலை ஏறியதும் அதே யானையை நான் சுமந்து போனேன். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பின்வில் அமுங்கி எழுந்தது. என் காலின் உழைப்பில் ஒரு பங்கு வண்டியை முன்னே தள்ளாமல் வில்லை அமுக்குவதிலேயே கழிந்தது. டயரின் முட்கள் சாலையில் ஓயாமல் முனகின. கல்லூரி சேரும்போது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும். இதற்கு நேர்மாறான பந்தய வண்டியைக் கடையில் தொட்டுப் பார்த்தேன். 25 மில்லிமீட்டர் அகல டயர், கல்லாய் இறுகிய காற்று, கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி. தார்ச்சாலையில் பறக்கும்தான். ஈரக் கரையில் அந்த டயர் கத்தியாய் இறங்கிவிடும்.

அப்பாவின் மிதிவண்டி ஒன்று தொழுவத்தில் நிற்கிறது. கறுப்பு நிறம், கம்பி பிரேக், முழுச் சங்கிலிக்கூடு. தொடக்கப்பள்ளி ஆசிரியராக அவர் இருபத்தாறு ஆண்டுகள் அதில்தான் வரப்பும் சாலையும் மாறி மாறிப் போய்வந்தார். இப்போது விவரம் தெரிந்துகொண்டு பார்க்கையில், அதுவே ஒரு கலப்பு வண்டிதான் என்று தோன்றுகிறது. பெரிய சக்கரம் குழியில் விழாமல் கடக்கும். இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள நீளமும் முன்கவையின் சாய்வும் அதிர்வைத் தின்றுவிடும். நல்ல சாலை இல்லாத காலத்துக்கென்றே அமைந்த உடம்பு அது. பல்சக்கரங்களை எண்ணினேன்: முன்னே 44, பின்னே 18. ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. ஒரே விகிதம்தான், எதிர்க்காற்றிலும் அதுவே, பாலத்து மேட்டிலும் அதுவே.

அதைப் பழுது பார்த்து ஓட்டியிருக்கலாம். கம்பி பிரேக் மழையில் எஃகு வளையத்தைப் பிடிக்காமல் வழுக்கும், என் முழங்கால் அந்த எடையைத் தாங்காது என்று மனைவியிடம் காரணங்கள் சொன்னேன். அவையும் உண்மைதான். ஆனால் கல்லூரி வாசலில் மாணவர்கள் பார்க்க அந்த வண்டியிலிருந்து இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. புது வண்டியென்றால் உடற்பயிற்சி என்பார்கள். பழைய வண்டியென்றால் வறுமை என்பார்கள். இந்தக் கணக்கு என் மனத்தில் ஓடியதை இங்கே எழுதி வைக்கிறேன். அப்பாவுக்கு இது தெரிந்தால் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கடையில் முதலில் குழப்பியது அளவு. அப்பாவின் வண்டிச் சக்கரத்தை 28 அங்குலம் என்பார்கள். ஹைப்ரிட் வண்டியின் 700சி சக்கரத்தையும் சிலர் 28 என்கிறார்கள். புதிய மலை வண்டிக்கு 29 என்று பெயர். ஆனால் டயர் பொருந்தும் வளையத்தின் விட்டம் அப்பாவினதில் 635 மில்லிமீட்டர், 700சி-யில் 622, 29-இலும் அதே 622. பெயர் ஒன்றாக இருந்து பொருள் வேறாவதும், பெயர் வேறாக இருந்து பொருள் ஒன்றாவதும் வகுப்பில் நான் நடத்தும் பாடம்தான். டயரின் பக்கவாட்டில் 40-622 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். முன்னது அகலம், பின்னது வளைய விட்டம். டயர் வாங்க இந்த எண்ணைப் பார்த்தால் போதும்.

ஹைப்ரிட் என்ற ஒரே பெயருக்குள்ளும் இரண்டு குலங்கள் இருந்தன. ஒன்று சாலையின் பக்கம் சாய்ந்தது: வில்லில்லாத முன்கவை, 32 மில்லிமீட்டர் வழுவழுப்பான டயர். மற்றது மண்ணின் பக்கம் சாய்ந்தது: முன்னே வில், 42 மில்லிமீட்டர் டயர், தட்டு பிரேக். இரண்டுக்கும் நடுவில் நின்று நெடுநேரம் யோசித்தேன். அப்போது உதவிக்கு வந்தவர் தொல்காப்பியர். திணை மயங்குவதை அவர் விலக்கவில்லை. ஆனால் நிலம் மயங்காது என்கிறார். குறிஞ்சியின் ஒழுக்கம் முல்லையில் நிகழலாம். அதனால் குறிஞ்சி நிலமும் முல்லை நிலமும் ஒன்றாகிவிடுவதில்லை. ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடும் இந்த வேறுபாடு அந்தக் கடையில்தான் எனக்குப் பயன்பட்டது. வண்டிதான் கலப்பு. பாதை எந்தக் கணத்திலும் கலப்பில்லை. ஒன்று தார் அல்லது மண். ஆக, 'இரண்டுக்கும்' என்று கடைக்காரரிடம் நான் சொன்னது பாதிப் பதில்தான். எது எவ்வளவு, எதில் பிழைத்தால் இழப்பு அதிகம் என்று கேட்டிருக்க வேண்டும்.

தார் 7, மண் 4. தாரில் தவறான டயர் இருந்தால் களைப்பு கூடும். பத்து நிமிடம் தாமதமாகும். மண்ணில் தவறான டயர் இருந்தால் விடைத்தாள் கட்டோடு கால்வாயில் விழுவேன். எனவே அகலத்தை மண்ணுக்காகவும், மேற்பரப்பைத் தாருக்காகவும் தேர்ந்தேன்: 40 மில்லிமீட்டர், நடுவில் தொடர்ச்சியான மழுப்பல், ஓரத்தில் மட்டும் சிறு முட்கள். நேராக நிற்கையில் நடுப்பகுதி உருளும். சேற்றில் அமிழும்போது ஓரம் பிடிக்கும். என் 68 கிலோவுக்குச் சாலையில் 50 பி.எஸ்.ஐ. காற்று சரியாக இருக்கிறது. மழை நாள்களில் 40-க்கு இறக்கிவிடுகிறேன்.

முன்வில் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்த விலையில் வரும் வில் எடையைத்தான் கூட்டும், பராமரிக்கவும் ஆளில்லை. அகல டயரே பாதி அதிர்வை வாங்கிக்கொள்கிறது. பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. ரப்பர் கட்டை வளையத்தைக் கவ்வும் வகை நல்லதுதான்; ஆனால் மணல் கலந்த சேறு இடையில் புகுந்தால் வளையத்தையே அராவிவிடும். தட்டு பிரேக் சேற்றுக்கு மேலே சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. அதிலும் எண்ணெயால் இயங்குவதை விட்டுவிட்டு, கேபிளால் இழுபடுவதை எடுத்தேன்; எங்கள் ஊர் அண்ணாச்சியே சரிசெய்துவிடுவார். காற்று அடைக்கும் வாயும் மோட்டார் சைக்கிளுக்கு உள்ள அதே வகை; பெட்ரோல் பங்கிலேயே அடித்துக்கொள்ளலாம். பின்னால் கேரியரும் மட்கார்டும் பொருத்தத் துளை இருக்கிறதா என்று பார்த்ததைக் கண்டு கடைப்பையன் சிரித்தான். அவை வைத்தால் அழகு போய்விடுமாம். விடைத்தாள் கட்டையும் வெள்ளைச் சட்டையையும் அவன் அறியான்.

உயரம் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. குறுக்குக் கம்பிக்கு மேலே கால்விரித்து நின்றால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இருக்கையில் அமர்ந்து, மிதிகட்டை கீழே இருக்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இரவல் வண்டியில் இருக்கையைத் தாழ்த்தி வைத்தே இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறேன். முழங்கால் வலியைச் சர்க்கரையின் கணக்கில் எழுதியிருந்தேன். விலை 16,500. மீதிப் பணத்தில் பூட்டு வாங்கினேன்.

ஆசிரியர் அறையில் வரவேற்பு நன்றாகவே இருந்தது. "டாக்டர் சொன்னாரா?" என்றார் ஒருவர். "இப்போ இதுதான் ஃபேஷன்" என்றார் மற்றொருவர். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன். பொய்க்கு இத்தனை மரியாதை கிடைக்கும்போது அதைக் கைவிடுவது கடினம்.

ஐப்பசி மாதத்தில் ஒரு காலை. இரவெல்லாம் மழை. கரையில் சரளை முடிந்து சேறு தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, பல்சக்கரத்தை மாற்றி, எல்லாம் படித்தபடியே செய்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து மணியோசை. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த வண்டியில், கியர் எதுவும் இல்லாமல், பையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதலாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். ஆழமான தடத்தை விட்டுப் புல் முளைத்த விளிம்பில் ஓட்டினாள். நானும் அவளைப் பார்த்துப் புல்லுக்கு ஏறினேன். வழுக்கவில்லை. அந்தத் தொழில்நுட்பம் எந்தக் கடையிலும் எனக்குச் சொல்லப்படவில்லை.

கரை முடிந்து தார் ஏறியதும் இணையாக வந்தாள். "சுகருக்கா சார் சைக்கிள் ஓட்டுதீங்க?" என்று கேட்டாள். ஏனோ அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "இல்லம்மா, மகளுக்கு ஃபீஸ் கட்டணும்னு பைக்கை வித்துட்டேன்" என்றேன்.

"எங்க வீட்லயும் போன வருஷம் வித்தாச்சு சார், எனக்குத்தான்" என்றாள். சற்று நேரம் இருவரும் பேசாமல் மிதித்தோம். பிறகு, "முதல் அவர் உங்களுக்குத்தான் சார், லேட்டா போனா நீங்களே ஆப்சென்ட் போடுவீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கினாள். என் வண்டியில் 24 விகிதங்கள் இருக்கின்றன. எதில் போட்டும் அன்று அவளைப் பிடிக்க முடியவில்லை.

சென்ற ஞாயிறு அப்பாவின் வண்டியைத் தொழுவத்திலிருந்து வெளியே எடுத்து, அண்ணாச்சியிடம் விட்டுவந்தேன். 635 வளையத்துக்கான டயர் கிடைக்குமா என்றேன். "அதுக்கென்ன சார், இன்னும் கேட்டு வாராங்கள்லா" என்றார்.