கிளென்கோவுக்குப் பதினைந்து நிமிடம்

எடின்பரோவில் காலை 8 மணிக்குக் கிளம்பி, கிளென்கோ பள்ளத்தாக்கையும் லாக் நெஸ் ஏரியையும் காட்டிவிட்டு இரவு 8 மணிக்குள் ஊர் திரும்பும் ஒருநாள் பயணம், ஸ்காட்லாந்துக்கு வருபவர்களில் பலருக்கு ஹைலேண்ட்ஸைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. சாலைத் தூரம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். 16 பேர் அமரும் வேனில் ஓட்டுபவரும் விளக்கம் சொல்பவரும் ஒரே ஆள்தான். காதில் மாட்டிய மைக், ஸ்டியரிங்கை விடாத கைகள், உள்கண்ணாடியில் பயணிகளின் முகங்கள். இதை வண்டி ஓட்டும் வேலை, போகிற போக்கில் கொஞ்சம் பேச்சு என்று நினைப்பவர்கள் தொழிலுக்கு உள்ளேயே பெருகிவிட்டார்கள். பழகியவர்களைக் கேட்டால் நேரத்தைப் பங்கிடும் வேலை என்பார்கள். எதை எந்த வளைவுக்கு முன் சொல்லி முடிப்பது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது என்பதில்தான் தேர்ச்சி தெரியும்.

பங்கீட்டின் முதல் எல்லையைச் சட்டம் வகுத்திருக்கிறது. நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். அதைப் பிரித்து எடுப்பதென்றால் முதலில் 15 நிமிடம், பிறகு 30 நிமிடம். மாற்றிப் போட முடியாது. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரம் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வண்டியில் பொருத்திய டாக்கோகிராஃப் கருவி அத்தனையையும் பதிந்துவிடும். ஓய்வு என்றால் எந்த வேலையும் செய்யாமல் இருப்பது என்றுதான் விதி பொருள் கொள்கிறது. இறங்கி நின்று பயணிகளுக்கு மலையைக் காட்டினால் கருவி வேலையைக் குறிக்கும் சுத்தியல் குறியில் இருக்க வேண்டும். ஓய்வைக் குறிக்கும் கட்டில் குறிக்கு மாற்றக் கூடாது. ஆக, ஓட்டுபவரே வழிகாட்டியாக இருக்கும் வண்டியில், பேசிய நிமிடம் எதுவும் ஓய்வுக் கணக்கில் சேராது. எடின்பரோவிலிருந்து லாக் நெஸ்ஸின் தென்முனையான ஃபோர்ட் அகஸ்டஸ் வரை ஓட்டும் நேரமே நான்கரை மணியை ஒட்டி வந்துவிடும். அதற்குள் ஓய்வை எங்கே எடுப்பது என்ற முடிவில்தான் அந்த நாளின் தரம் இருக்கிறது.

காலைப் பகுதி எளிது. எம்9 நெடுஞ்சாலையில் ஃபால்கர்க் பக்கம், 30 மீட்டர் உயரத்தில் இரண்டு எஃகுக் குதிரைத் தலைகள் தெரியும். சிற்பி ஆண்டி ஸ்காட் செய்த கெல்பீஸ். அதைத் தாண்டினால் ஸ்டெர்லிங். ஆங்கிலேயருக்கு எதிராக 1297-இல் வாலஸின் படை வென்ற பாலத்துப் போர், 1314-இல் ராபர்ட் புரூஸ் வென்ற பானக்பர்ன் இரண்டுக்கும் இங்கேயே இடம் கொடுத்துவிட வேண்டும். கோட்டைப் பாறையும் வாலஸ் நினைவுக் கோபுரமும் கண்ணுக்கு எதிரே நிற்கும் அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டால் கதை வெறும் ஆண்டுக் கணக்காகப் போய்விடும். கேலண்டரைக் கடந்து லெனி கணவாய்க்குள் நுழைவது ஹைலேண்ட் எல்லைப் பிளவைத் தாண்டுவது. வயலும் மேய்ச்சலுமாக இருந்த நிலம் சட்டென்று மலையாக மாறுவதைப் பயணிகள் தாமாகவே பார்த்துக்கொள்வார்கள். வாய் திறக்காமல் விட்டால் அது இன்னும் நன்றாகப் பதியும்.

கணவாய்க்குச் சற்று முன்பே, கில்மஹாகில் முதல் நிறுத்தம். தேநீர், செம்பட்டைச் சடைமாடுகள், கழிப்பறை. எவ்வளவு நேரம் நிற்பது என்பதைக் கழிப்பறை வரிசைதான் முடிவு செய்யும். நமக்கு முன்னால் ஒரு பெரிய பேருந்து வந்து நின்றிருந்தால் இருபது நிமிடம் முப்பத்தைந்து ஆகிவிடும். முதல் 15 நிமிட ஓய்வை இங்கே எடுப்பது பழைய வழக்கம். இங்கே காட்ட வேண்டியது ஒன்றும் இல்லை, மாடுகள் தம்மைத் தாமே காட்டிக்கொள்ளும்.

இப்போது பலர் இந்த ஓய்வை இங்கே எடுப்பதில்லை. கில்மஹாகில் பத்தே நிமிடத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு, 15 நிமிடத்தைக் கிளென்கோவில் எடுக்கிறார்கள். கால் மணி நேரம் மிச்சமாகிறது. அட்டவணை போடுபவருக்குத் திருப்தி. ஆனால் அந்தக் கால் மணி நேரமும் வழிகாட்டி எதையும் காட்டக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்தவர்கள் எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் காற்றில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். விதியை மீறவில்லை, வண்டியும் நேரத்துக்கு வந்து சேர்கிறது. வேலை மட்டும் நடக்கவில்லை.

கிளென்கோவைச் சொல்ல வேண்டிய இடம் கிளென்கோ இல்லை. டின்ட்ரம் தாண்டி, பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி தாண்டி, ஏ82 சாலை பிளாக் மவுண்ட் ஏறி ரானக் மூரில் கால் வைக்கும் இடத்தில் தொடங்க வேண்டும். ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் கரிச்சதுப்பு. மரமில்லாத வெளியில் குட்டை குட்டையாகத் தண்ணீர். பார்வை எங்கும் சிக்காத அந்த வெளியில்தான் காது திறந்திருக்கும். எதிரே புவாகல் எட்டிவ் மோர் முக்கோணமாக எழும்பி நிற்பதற்குள் 1692-இல் இங்கே நடந்த படுகொலையைச் சொல்லி முடித்துவிட வேண்டும். உள்ளே நுழைந்த பிறகு மலை யாரையும் கேட்க விடாது.

அந்தக் கதையில்தான் குறுக்குவழிகள் அதிகம். கேம்பல் குலத்துக்கும் மெக்டொனால்ட் குலத்துக்கும் பகை. கேம்பல்கள் விருந்தாளியாக வந்து கொன்றார்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். கேம்பல்களுக்கு அனுமதியில்லை என்று ஒரு விடுதி வாசலில் மாட்டிய வேடிக்கைப் பலகையைக் காட்டிச் சிரிக்கவும் வைக்கிறார்கள். நடந்தது அரசு ஆணை. 1692 ஜனவரி 1-க்குள் வில்லியம் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று குலத் தலைவர்களுக்குக் கெடு. கிளென்கோ மெக்டொனால்டுகளின் தலைவர் மெக்கெயின் கடைசி நாளில் ஃபோர்ட் வில்லியம் போனார். அங்கிருந்த படைத் தலைவருக்கு அதைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் இல்லை. பனியில் இன்வரேரி வரை போய் ஜனவரி 6-இல்தான் பிரமாணம் எடுக்க முடிந்தது. எடின்பரோவில் அது செல்லாது என்று ஒதுக்கப்பட்டது. இந்தக் குலத்தைப் பாடமாக்கிவிட வேண்டும் என்று முனைந்து நின்றவர் அமைச்சர் ஜான் டால்ரிம்பிள். ஆணையில் மன்னரின் கையெழுத்து இருந்தது. ஆர்கைல் பிரபுவின் படைப்பிரிவைச் சேர்ந்த சுமார் 120 பேர் வந்தார்கள். தலைமை ஏற்றவர் ராபர்ட் கேம்பல். படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வேறு குலத்தவர்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் அந்த வீடுகளிலேயே உண்டு உறங்கிவிட்டு, பிப்ரவரி 13 விடியுமுன் எழுந்து சுட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் 38 பேர் என்பது வழக்கமான கணக்கு. பனிப்புயலில் மலையேறி ஓடியவர்களில் குளிரில் மடிந்தவர்கள் தனி. 1695-இல் விசாரணைக் குழு கூடி இது கொலைதான் என்றது. தண்டனை எவருக்கும் இல்லை.

ரானக் மூரைக் கடக்கும் நேரத்துக்குள் இவ்வளவும் அடங்கும். பழகினால் அவசரம் தெரியாமலே அடங்கும். குலப்பகை என்று சுருக்கிச் சொல்பவர் மிச்சப்படுத்துவது இரண்டு நிமிடம். அதற்காக ஆணையிட்டவர்களை விட்டுவிட்டு, சுட்டவர் ஒருவரின் குலப்பெயர் மீது மொத்தப் பழியையும் போட்டுவிடுகிறார். அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் அதே வண்டியில் ஏறி வருகிறார்கள்.

அதன் பிறகு பேச்சை நிறுத்திவிட வேண்டும். சாலை குறுகலான வாயில் வழியாக உள்ளே இறங்கும். இடப்பக்கம் மூன்று சகோதரிகள் என்று அழைக்கப்படும் மலைமுனைகள். வலப்பக்கம் அயோனாக் ஈகாக்கின் ரம்ப முகடு. நிறுத்தத்தில் இறங்கிய பிறகு சொல்ல வேண்டியது மூன்றே செய்தி. முதலாவது, கொலை நடந்த வீடுகள் இந்த இடத்தில் இல்லை. பெரும்பாலும் கீழே, கடலுக்கு அருகில் இருந்த குடியிருப்புகளில். மூன்று சகோதரிகளைக் காட்டி இங்கேதான் என்று சொல்பவர்கள் உண்டு, அது தவறு. இரண்டாவது, முதல் இரு முனைகளுக்கும் இடையே மேலே தெரியும் பிளவு. அதற்குப் பின்னால், கீழிருந்து பார்த்தால் இருப்பதே தெரியாத ஒரு தொங்கு பள்ளத்தாக்கு இருக்கிறது. குலத்தார் மாடுகளை ஒளித்து வைத்த இடம் என்பார்கள். மூன்றாவது, பாறை. சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்துத் தன்மேலேயே இடிந்து உட்கார்ந்த எரிமலையின் உள்புறம் இது. அப்படி உட்கார்ந்த எரிமலையை நிலவியலாளர்கள் 1909-இல் விளக்கி எழுதியது இந்தப் பாறைகளைப் பார்த்துத்தான். பனியாறுகள் பின்னால் வந்து அகழ்ந்தன.

வெளிச்சமும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காக ஓடுகிறது. மூன்று சகோதரிகள் வடக்கு பார்த்து நிற்கின்றன. நண்பகலில் சூரியன் அவற்றின் முதுகுக்குப் பின்னால். குளிர்காலத்தில் நேரடி வெயில் முகத்தில் படவே படாது. கைபேசியில் எடுத்தால் வானம் வெளுத்து மலை கருத்துப்போகும். வலப்பக்கத்துச் சரிவில் விழும் வெளிச்சத்தைக் காட்டி, அந்தப் பக்கம் திரும்பி எடுங்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். மழை பெய்தால் பயணிகள் முகம் வாடிவிடுகிறது. மழை நாளில்தான் பாறை முழுக்க வெள்ளிக் கோடாக அருவிகள் இறங்கும். வெயில் நாளில் வந்தவர்களுக்கு அது கிடைக்காது. இதை மழையில் நனைந்துகொண்டே பக்கத்தில் நின்று சொன்னால்தான் நம்புவார்கள்.

செயற்கைக்கோள் கணக்கில் தானே பேசும் ஒலிப்பதிவுகள் வந்துவிட்டன. பத்து மொழிகளில்கூடப் பேசுகின்றன. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு அது உண்மையான நன்மை; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மேகம் இறங்கி மலையை முழுதாக மறைத்திருக்கும்போதும் ஒலிப்பதிவு இடப்பக்கம் பாருங்கள் என்றே சொல்லும். முன்னால் ஒரு முகாம் வண்டி நத்தையாக ஊர்ந்தால் கதையும் காட்சியும் தனித்தனியே போய்விடும். வாகன நிறுத்தம் நிரம்பி வழியும் ஜூலை மாதத்தில் அடுத்த இடத்துக்குப் போய் நிறுத்தினால், அங்கே சொல்ல அதனிடம் ஒன்றும் இராது.

ஃபோர்ட் வில்லியத்தில் அதிகம் நிற்பதில்லை. 30 நிமிட ஓய்வும் மதிய உணவும் இங்கே முடியும். பென் நெவிஸ் 1345 மீட்டர். 2016-இல் மறுபடி அளந்தார்கள், பழைய புத்தகங்களில் 1344 என்று இருக்கும். உச்சி பெரும்பாலும் மேகத்துக்குள். ஸ்பீன் பிரிட்ஜில் 1952-இல் திறந்த கமாண்டோ நினைவுச் சிலை அருகே ஐந்து நிமிடம் நின்றால் வானம் தெளிந்த நாளில் அந்த மலை முழுதாகக் கிடைக்கும்.

அங்கிருந்து பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. லாக் லாக்கி, லாக் ஆய்க், லாக் நெஸ் மூன்றையும் கோத்துப் பொறியாளர் டெல்ஃபோர்ட் வெட்டிய கலிடோனியன் கால்வாய் 1822-இல் திறக்கப்பட்டது. ஃபோர்ட் அகஸ்டஸில் ஐந்து மதகுகள் படிக்கட்டுபோல் படகை ஏற்றி இறக்கும். ஏரியில் படகு போக விருப்பமில்லாதவர்களை இங்கே நிறுத்திவிட்டால் அந்த ஒரு மணி நேரம் வீணாகாது. ஏரியின் நீளம் 37 கிலோமீட்டர், ஆழம் சுமார் 230 மீட்டர். இங்கிலாந்து, வேல்ஸ் ஏரிகள் அனைத்திலும் உள்ள தண்ணீரைக் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. கரி கலந்த தண்ணீர் சில மீட்டர் ஆழத்திலேயே இருண்டுவிடும்.

இந்த ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் விசித்திர விலங்கின் கதையை 1933 செய்தித்தாளிலிருந்து தொடங்கி, 1934-இல் வந்த புகழ்பெற்ற படம் பொம்மையை வைத்து எடுத்தது என்று 1994-இல் வெளியானது வரை சொல்லலாம். ஏரித் தண்ணீரில் உள்ள மரபணுத் தடயங்களை ஆராய்ந்த குழு 2019-இல் தந்த முடிவையும் சேர்க்க வேண்டும்: ஊர்வனவற்றின் தடயம் எதுவும் இல்லை, விலாங்கு மீனின் தடயம் ஏராளம். குழந்தைகள் இருக்கும் வண்டியில் இதைப் படகு திரும்பிய பிறகு சொல்வது நல்லது. தமிழ்ப் பயணிகள் இங்கே வேறொன்று கேட்பதுண்டு: ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ பாட்டில் வரும் கோட்டை எங்கே? எய்லீன் டோனன் மேற்கே ஸ்கை தீவுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. இந்தச் சுற்றில் வராது. காலையிலேயே சொல்லிவிட்டால் மாலையில் ஏமாற்றம் இராது.

திரும்பும் வழி லாகன் ஏரிக்கரையாக ஏ9 சாலையில் சேரும். 2014 முதல் இதில் சராசரி வேகக் கேமராக்கள் இருப்பதால் இழந்த நேரத்தை இங்கே பிடிக்க முடியாது. டிரமாக்டர் கணவாயைத் தாண்டியதும் பாதி வண்டி தூங்கியிருக்கும். 1746-இல் கலோடன் போரில் நடந்ததை விழித்திருப்பவர்களுக்குத் தாழ்ந்த குரலில் சொல்லலாம். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரமே. அப்போது இந்தப் பகுதி முழுவதும் இருட்டில் கழியும். ஜூனில் எடின்பரோ வந்து சேரும்போதும் வெயில் அடிக்கும். பிட்லாக்ரியில் கடைசி நிறுத்தம். பிறகு 2017-இல் திறந்த குவீன்ஸ்ஃபெர்ரி பாலம். அதில் போகும்போது இடப்பக்கம் 1890-இன் சிவப்பு ரயில் பாலத்தைக் காட்ட மறக்கக் கூடாது.

பயணிகள் இறங்கிய பிறகும் வேலை முடியவில்லை. வண்டியைப் பெருக்கி, எரிபொருள் நிரப்பி, பழுது இருந்தால் எழுதி வைக்க வேண்டும். காலையில் எட்டு மணிக்குக் கிளம்புவதற்கு முக்கால் மணி முன்பே வந்து டயர், விளக்கு, பெல்ட் எல்லாம் சோதித்திருக்க வேண்டும். ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே 11 மணி நேர ஓய்வு கட்டாயம்; இரண்டு வாராந்திர ஓய்வுகளுக்கு இடையில் மூன்று முறை அதை 9 ஆகக் குறைக்கலாம். எட்டுக்கு எட்டு என்று விளம்பரம் செய்யும் அட்டவணையில் இந்தச் சோதனைக்கும் துப்புரவுக்கும் இடமே வைக்காத நிறுவனங்கள் உண்டு. அங்கே அடுத்தடுத்த நாள்களில் அதே வழிகாட்டியை அனுப்ப வேண்டுமானால் எங்காவது கால் மணி நேரம் குறைத்தாக வேண்டும். குறைப்பது பெரும்பாலும் கிளென்கோவில்தான்.