மீண்டும் சொகோரோவில்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், வறண்ட மலைகளுக்கும் ரியோ கிராண்டே ஆற்றுக்கும் நடுவே இருக்கிறது சொகோரோ. மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடாது. வெள்ளிச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர். 1893இல் வெள்ளி விலை சரிந்தபோது ஊரும் சரிந்தது. 1889இல் சுரங்கக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட நியூ மெக்சிகோ டெக் மட்டும் நிலைத்து நின்று, இன்றுவரை ஊரைத் தாங்கிப் பிடிக்கிறது. ஈயத்தால் எழுந்த ஈப்போவில் பிறந்த எனக்கு, இந்தக் கதை புரியச் சிரமமில்லை.

ஆறு வருடம் இங்கே வாழ்ந்துவிட்டு, அம்மாவின் உடல்நிலைக்காக ஈப்போவுக்குப் போனோம். மூன்று மாதம் என்று நினைத்தது இரண்டு வருடமானது. அம்மா தேறி, தம்பி வீட்டில் நடமாடத் தொடங்கியபின், சென்ற ஆகஸ்டில் திரும்பி வந்தோம். கணவர், நான், பதினொரு வயது மகள்.

பழகிய ஊர்தானே, உடனே ஒட்டிக்கொள்ளும் என்று பலரும் நினைப்பார்கள். முதலில் ஒட்டாதது உடம்பு. இங்கே ஆண்டு முழுவதற்கும் பெய்யும் மழை சுமார் 250 மில்லிமீட்டர். ஈப்போவில் மழைக்காலத்தில் ஒரே மாதத்தில் அவ்வளவு கொட்டிவிடும். வந்த மூன்றாம் நாள் உதடு வெடித்தது. மகளுக்கு மூக்கில் ரத்தம். துவைத்துக் காயப்போட்ட துணி ஒரு மணி நேரத்தில் அப்பளம் போல மொரமொரத்தது.

அடுப்படியும் வேறு கணக்கு கேட்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று நம்பிப் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டால் வேகாமல் நம்மை முறைக்கும். குக்கர் இல்லாமல் சாம்பார் இல்லை. மளிகைக்கு 120 கிலோமீட்டர் வடக்கே ஆல்புகர்க்கி போக வேண்டும். மாதம் ஒரு முறை போய் உளுந்து, புளி, கறிவேப்பிலை எல்லாம் வாங்கி, கறிவேப்பிலையை உறைபெட்டியில் அடுக்கி வைக்கிறேன்.

வெயிலைச் சமாளிக்க இங்கே பல வீடுகளில் கூரைமேல் ஒரு கூலர் இருக்கும். நனைந்த பட்டைகளின் வழியே விசிறி காற்றை இழுக்கும். தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிரும். காற்று வறண்டிருப்பதால்தான் இது வேலை செய்கிறது. மலேசியாவில் மாட்டினால் வீடு இன்னும் புழுங்கும். ஊருக்கு ஊர் சுகத்தின் சூத்திரமே மாறுகிறது.

ஒருநாள் மகளின் சைக்கிள் டயர் பஞ்சரானது. உள்ளே குத்தியிருந்த முள்ளை இங்குள்ளவர்கள் ‘ஆட்டுத்தலை’ என்பார்கள். உற்றுப் பார்த்தால் உண்மையிலேயே இரண்டு கொம்பு. நம் நெருஞ்சிதான் அது! அதே மஞ்சள் பூ, அதே முள். மகளிடம் பெயரைச் சொன்னேன். ‘பாட்டிக்குத் தெரியுமா?’ என்று கேட்டு, அன்றே படம் எடுத்து அனுப்பினாள். ‘இது அங்கேயும் வந்து குத்துதா?’ என்று அம்மா சிரித்தார்.

உடம்பு பழகியபின் மனிதர்களைத் தேடினோம். கல்லூரி நகரத்துக்கு ஒரு விநோதமான மறதி உண்டு. மாணவர்கள் நான்கு வருடத்தில் போய்விடுவார்கள். இரண்டு வருடம் இல்லாமல் திரும்பினால் பாதி முகங்கள் புதியவை. எங்களோடு தீபாவளி கொண்டாடிய பிள்ளைகள் ஒருவரும் இல்லை. புதிய மாணவர்கள் என்னிடமே, ‘நீங்கள் இப்போதுதான் வந்தீர்களா?’ என்று கேட்டார்கள்.

மறக்காதவர்கள் பழைய குடும்பங்கள்தான். பல தலைமுறையாக இங்கேயே வாழும் ஸ்பானிய வம்சாவளியினர். பக்கத்து வீட்டு மூதாட்டி நாங்கள் வந்த மறுநாளே ஒரு சட்டி பச்சை மிளகாய்க் குழம்போடு வந்து நின்றார். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கடை வாசல்களில் கம்பிப் பீப்பாய்களைச் சுழற்றி, நெருப்பில் மிளகாய் வறுப்பார்கள். அந்த வாசனை தெருவெல்லாம் நிற்கும். ‘சிவப்பா, பச்சையா?’ என்பது 1996 முதல் இந்த மாநிலத்தின் அதிகாரப்பூர்வக் கேள்வி. இரண்டும் வேண்டுமென்றால் ‘கிறிஸ்துமஸ்’ என்று சொல்ல வேண்டும். காரம் தெரிந்த நம்மவர்களுக்கு இதைவிட நல்ல வரவேற்பு ஏது?

ஊரின் பெயருக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. 1598இல் பாலைவனத்தைக் கடந்து களைத்து வந்த ஸ்பானியர்களுக்கு, இங்கு வாழ்ந்த பீரோ பழங்குடியினர் சோளம் கொடுத்தார்கள். அதனால் வைத்த பெயர் சொகோரோ. ஸ்பானிய மொழியில் ‘உதவி’ என்று பொருள்.

நவம்பரில் 30 கிலோமீட்டர் தெற்கே உள்ள போஸ்கே டெல் அப்பாச்சே சரணாலயத்துக்குப் போனோம். ராக்கி மலைப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் பெருங்கொக்குகள் வந்து, பிப்ரவரிவரை தங்கும் இடம். அதிகாலைக் குளிரில் அவை ஒரே நேரத்தில் எழும்பியபோது, மகள் கேட்டாள்: ‘இதுங்களுக்கு எது சொந்த ஊர்?’ என் கணவர் ஏதோ விளக்கம் சொன்னார். எனக்கு அது கொக்குகளைப் பற்றிய கேள்வியாகத் தோன்றவில்லை.

ஈப்போவில் இருந்த இரண்டு வருடத்தில் அவள் தமிழ்ப்பள்ளியில் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவள், கதைப்புத்தகம் படிக்கும் அளவுக்கு வந்திருந்தாள். இங்கே வந்த மூன்றே மாதத்தில் ‘ழ’ வழுக்க ஆரம்பித்தது. அது மட்டும் என்னைப் பயமுறுத்தியது. உதடு வெடித்தால் களிம்பு உண்டு. இதற்கு?

மேற்கே 80 கிலோமீட்டர் தள்ளி, பரந்த சமவெளியில் 25 மீட்டர் அகலமுள்ள 27 வானொலித் தொலைநோக்கிகள் இருக்கின்றன. தண்டவாளத்தில் நகர்த்தி, சில மாதம் நெருக்கமாகவும் சில மாதம் பல கிலோமீட்டர் விலக்கியும் வைப்பார்கள். விலகி நிற்கும்போது நுணுக்கமாகத் தெரியும். ஆனால் எல்லாம் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அங்கே நின்றபோது அம்மாவைத்தான் நினைத்தேன்.

இப்போது ஓர் ஏற்பாடு. இங்கே சனிக்கிழமை மாலை ஐந்து மணி. ஈப்போவில் ஞாயிறு காலை எட்டு. கோடையில் அதுவே ஆறு மணி ஆகிவிடும். அம்மா காப்பியோடு உட்காருவார். மகள் காணொளியில் ஒரு பக்கம் தமிழ் வாசிப்பாள். தவறினால் அம்மா நிறுத்தித் திருத்துவார். சில நாள் வாசிப்பைவிடச் சண்டை அதிகம். ‘பாட்டி, நீங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்!’ என்பாள். ஆனால் ஐந்தடிக்கும் முன்பே திரையைத் தயார் செய்பவளும் அவள்தான்.

இங்கேயே இருப்போமா, அம்மாவுக்குத் தள்ளாமை கூடினால் மறுபடி பெட்டி கட்டுவோமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. போன வாரம் அம்மா, ‘எப்பம்மா வீட்டுக்கு வர்றே?’ என்று கேட்டபோது, பின்னாலிருந்து மகள் முந்திக்கொண்டாள்: ‘ஜூன்ல வர்றோம் பாட்டி. நெருஞ்சி முள்ளு கொண்டு வரட்டா?’ 

‘ழ’ இல்லாத வாக்கியமாகப் பார்த்துத்தான் பேசுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.