ஒரு துளி ரத்தத்துக்கு நாலு வருஷம்

உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் என இரு மாநிலங்களுக்கு முதல்வராக இருந்தவர் என்.டி. திவாரி. அவரே தன் தகப்பன் என்று 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார் ரோஹித் சேகர்.

திவாரி பிடிகொடுக்கவில்லை. திருமண பந்தத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணவரே தகப்பன் என்றது சாட்சியச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு. ரோஹித் பிறந்தபோது தாய் உஜ்வலா வேறொருவரின் மனைவி. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில், 2012 மே மாதம் டேராடூனில் திவாரியின் வீட்டுக்கே போய் டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள்.

ஜூலையில் சோதனை முடிவு இருந்த உறையைப் பிரித்தார்கள். தந்தை திவாரிதான்.

ஆய்வகம் சொன்னதை அவர் வாயால் சொல்ல 2014 ஆனது. அந்த மே மாதமே, 88 வயதில், உஜ்வலாவைக் கல்யாணம் செய்துகொண்டார்.