கொழுந்தும் குறிப்பேடும்

கல்லூரியில் சேரும்போது முதன்மைப் பாடத்தின் பெயரைக் கேட்டுச் சேர்வோர் பலர். அதனோடு சேர்த்துப் படிக்கவேண்டிய சார்புப் பாடம் எதுவென்று கேட்போர் மிகச் சிலர். அவ்வாறு கேளாமலே வந்து அமையும் பாடங்களுள் ஒன்று இதழியல். தமிழிலக்கிய இளங்கலை மாணவர் பலர் அதனை ஒரு தாளாகப் படித்து, தேர்வெழுதி, மறந்துவிடுவதுண்டு. மறக்க முடியாமற் போனவர்களும் உண்டு. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிக் கல்லூரிக்குச் சென்ற ஒரு மாணவி அத்தகையவள்.

அவளுக்கு முதன்மைப் பாடம் பொருளியல். சார்புப் பாடம் இதழியல். "பேப்பர்ல எழுதுறதப் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று வீட்டில் கேட்டார்கள். அவளிடமும் விடை இல்லை.

நீலகிரியைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வாராமல் இல்லை. 1896இல் தொடங்கிய உதகை மலர்க்காட்சி கோடைதோறும் முதற்பக்கத்துக்கு வந்துவிடும். பனிக்காலத்தில் புல்வெளி உறைந்து வெளுத்தால் அதன் படமும் வரும். 2009 நவம்பரில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே இம்மலையைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் தேயிலைச் சரிவில் கூடையைச் சுமந்து நிற்பவரின் ஒருநாள் எப்படிக் கழிகிறது என்பது சுற்றுலாப் படங்களின் பின்னணியாகவே நின்றுவிடுகிறது. தன் ஊரைப் பற்றித் தான் படித்தவையெல்லாம் வந்துபோனவர்கள் எழுதியவை என்பது அவளுக்கு இதழியல் வகுப்பில்தான் உறைத்தது.

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களோடு வகுப்பு தொடங்கியது. முதன்மையான செய்தியை முதலில் சொல்லி விவரங்களைப் பின்னால் அடுக்கும் முறையையும் கற்றாள். இவை ஒரு மாதத்தில் கைவரக்கூடியவை. இவற்றைக் கற்றதுமே தாம் செய்தியாளராகிவிட்டதாக எண்ணுவது இப்பாடத்தில் எளிதாக நேரும் பிழை. அவளுக்கும் நேர்ந்தது.

வகுப்பு இதழுக்கு அவள் எழுதிய முதற்கட்டுரை, அவளுடைய தாய் வேலைசெய்யும் தோட்டத்தின் எடைமேடையைப் பற்றியது. பறித்த கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென்று ஒவ்வொரு முறையும் 2 கிலோ கழிக்கிறார்கள். இது உழைப்புச் சுரண்டல் என்று சினத்தோடு எழுதியிருந்தாள். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "எத்தனை நாள் பார்த்தாய், அம்மா? மழை பெய்தால் இலையோடு தண்ணீரும்தானே எடைக்கு வரும்? தோட்டத்தாரிடம் கேட்டாயா?" என்றார். அவள் ஒருநாளும் பார்க்கவில்லை; யாரிடமும் கேட்கவில்லை. கேட்டே வளர்ந்த ஒன்றைப் பார்த்ததாக நினைத்திருந்தாள்.

அடுத்த வகுப்பில் பேராசிரியர் கோ. நடேசய்யரைப் பற்றிப் பேசினார். தஞ்சாவூரில் வணிகப் பாடம் கற்பித்த ஆசிரியர் அவர். வணிகர்களுக்காக 'வர்த்தகமித்திரன்' என்ற இதழை நடத்தியவர். இலங்கைக்குச் சென்றபோது தேயிலைத் தோட்டங்களுக்குள் வெளியார் எளிதில் நுழைய முடியாதிருந்தது. துணி விற்பவர்போல் மூட்டையுடன் உள்ளே சென்று தொழிலாளர் நிலையை நேரில் கண்டார். பிறகு 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என்று இதழ்கள் வழியே அவர்களுக்காகப் பேசினார். அன்று தொழிலாளரைப் பிணைத்திருந்தது கடன். ஒருவர்மீதுள்ள கடனைக் குறித்த துண்டுச்சீட்டு இருந்தாலன்றி அவர் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது, கடன் ஒழியவில்லை. கணக்கறிந்த ஒருவர் இதழாளராக வந்தது அம்மக்களுக்கு எவ்வளவு பெரிய பேறு என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இரக்கம் பலருக்கு இருந்தது. கணக்கேட்டைப் படிக்கத் தெரிந்தவர் சிலரே.

இதழியலை மட்டும் படித்து இதழாளரானவர்கள் அக்காலத்தில் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கல்வி 1947இல்தான் வந்தது. 1878இல் 80 படிகளோடு 'தி இந்து'வைத் தொடங்கிய அறுவரில் இருவர் ஆசிரியர்கள். நால்வர் சட்ட மாணவர்கள். அவ்வாசிரியர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயரே 1882இல் 'சுதேசமித்திர'னையும் தொடங்கினார். பிறிதொரு துறையில் காலூன்றி நின்றுகொண்டே இவர்கள் பேனாவை எடுத்தார்கள்.

நடேசய்யரின் கதையை அவள் வீட்டில் சொன்னபோது, அடுப்போரம் அமர்ந்திருந்த அப்பாயி, "துண்டா? எங்க தாத்தா சொல்லுவாரு" என்றார். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. அவர்களுக்கு வேலை தரவே 1968இல் அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அது 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அப்படி வந்தவர்களுள் தனியார் தோட்டங்களில் வேலை தேடிக்கொண்டோரும் உண்டு. அவர்கள் வீட்டில் இரண்டு நாட்டுத் தேயிலைக் கதைகளும் இருந்தன, எழுத்தில் ஒன்றுமில்லை.

அவள் ஒரு குறிப்பேடு வாங்கினாள். நாள்தோறும் மாலையில், மூன்று முறை நிறுத்ததில் தராசு காட்டியது எவ்வளவு, ஏட்டில் எழுதப்பட்டது எவ்வளவு என்று தாயிடம் கேட்டுக் குறித்தாள். சனிக்கிழமைகளில் தானே எடைமேடைக்குச் சென்று நின்றாள். மழையா, வெயிலா என்பதற்குத் தனிப் பத்தி. எடைபோடும் ஊழியரிடமும் கேட்டாள். "ஈர இலையில தண்ணி இருக்கும்ல? கழிக்கலன்னா கம்பெனிக்கு நட்டம்" என்றார் அவர். அது உண்மை என்று அவளே கண்டிருந்தாள், அதையும் எழுதிக்கொண்டாள். "அப்ப வெயில் நாள்ல?" என்றாள். அவர் அடுத்த சாக்கைத் தூக்கித் தராசில் வைத்தார்.

12 நாள் குறிப்புகளை வைத்துக் கட்டுரையை மீண்டும் எழுதினாள். மழை பெய்த 5 நாள்களிலும் கழித்தது 2 கிலோ. பெய்யாத 7 நாள்களிலும் அதே 2 கிலோ. நாளொன்றுக்கு மூன்று நிறுவை. ஆகவே வெயில் நாள்களில் மட்டும் ஒருவருக்குக் கழிந்தது 42 கிலோ. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து 1 கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும் என்பது பொருளியல் பாடத்துக்காக அவள் திரட்டிய விவரம். அதைக்கொண்டு அந்த 42 கிலோ எவ்வளவு தூளாகும் என்றும் கணக்கிட்டாள். சுரண்டல் என்ற சொல் இம்முறை கட்டுரையில் இல்லை. ஊழியர் சொன்ன விடை இருந்தது. தோட்டத்தின் பெயரும் தாயின் பெயரும் இல்லை. அவை வேண்டா என்று பேராசிரியரும் அவளும் கலந்து முடிவுசெய்தார்கள். வேலை போனால் குடியிருக்கும் வீடும் போய்விடும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தைய இரவு, கட்டுரையைத் தாய்க்குப் படித்துக் காட்டினாள். கைவிரல்களில் படிந்த கொழுந்துக் கறையைத் தேய்த்தபடியே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"அந்தப் புதன்கெழம மழைன்னு போட்டிருக்கியா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு விடியமின்ன பெஞ்சு விட்டிருச்சு. நாங்க மலைக்குப் போறப்ப எல காஞ்சிருந்துச்சு."

அவள் குறிப்பேட்டைப் புரட்டினாள். அன்று தான் பேருந்தில் இருந்ததும், கண்ணாடி நனைந்திருந்ததைப் பார்த்து மழை என்று எழுதியதும் நினைவுக்கு வந்தன. 5 என்பதை அடித்து 4 என்றும், 7 என்பதை அடித்து 8 என்றும் எழுதினாள். பிறகு 42ஐயும் அடித்துவிட்டு, கணக்கை முதலிலிருந்து போடத் தொடங்கினாள்.