தொப்பூர் கணவாய்க்கு எத்தனை குதிரை?

கல்லூரி கேன்டீனில் கார் பேச்சு வந்தால் முதல் கேள்வி "எத்தனை பி.எச்.பி.?" என்பதுதான். ஒருவன் 83 என்பான். இன்னொருவன் 120 என்பான். 120 சொன்னவன் பந்தயத்தில் ஜெயித்துவிட்ட மாதிரி சிரிப்பான். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். இந்தச் சண்டையைத் தீர்த்துக்கொள்ள பிரோஷரை விட நல்ல இடம் தர்மபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் தொப்பூர் கணவாய்.

இந்தப் பக்கம் வராதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். பெங்களூரு - சேலம் நெடுஞ்சாலை இப்போது என்.எச். 44, பழைய டிரைவர்களுக்கு அது என்.எச். 7. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் சுமார் 280 மீட்டர்தான். நடுவில் எங்காவது இறங்கித்தானே ஆகவேண்டும்? அந்த இறக்கத்தில் ஒரு பெரிய பங்கு தொப்பூரில் வருகிறது. சேலத்திலிருந்து வருகிறவருக்கு ஏற்றம், தர்மபுரியிலிருந்து போகிறவருக்கு இறக்கம். ஏற்றத்தின் கதை வேறு, இறக்கத்தின் கதை வேறு. முதலில் ஏற்றம்.

குதிரை சக்தி என்பது ஒன்றும் மாயமில்லை. 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் தூக்கினால் அது ஒரு பி.எஸ். பி.எச்.பி. என்பது அதைவிட ஒன்றரை சதவீதம் போலப் பெரிய அளவு. அதனால்தான் 120 பி.எஸ். இஞ்சின் பி.எச்.பி.யில் 118 ஆகிவிடுகிறது. பிரோஷரில் எந்த எண்ணை அச்சடிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை :-)

ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஒரு ஸ்விஃப்ட் 1300 கிலோ இருக்கும் என்று வையுங்கள். 20 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் வண்டி வினாடிக்கு 83 செ.மீ. மேலே போகும். 1300 கிலோவை வினாடிக்கு 0.83 மீட்டர் தூக்கச் சுமார் 14 குதிரை போதும். காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் இன்னொரு 6 குதிரை. மொத்தம் 20தான்! 37 குதிரை மட்டுமே இருந்த பழைய மாருதி 800 குடும்பத்தோடு மேடேறிய ரகசியம் இதுதான்.

அப்படியானால் 83 குதிரை எதற்கு? முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருக்கிறதே, அதற்குத்தான். அதே ஏற்றத்தில் 60லிருந்து 80க்கு ஆறு வினாடியில் வேகம் எடுத்து லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் கணக்கு 57 குதிரைக்குப் போய்விடுகிறது. கியர்பாக்ஸில் தேய்வது தனி.

சரி, 57 என்பது 83ஐ விடக் குறைவுதானே, பிரச்னை எங்கே? பிரச்னை அந்த 83 எங்கே கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. 2018ல் வந்த ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் இஞ்சின் 83 பி.எஸ்., ஆனால் அது 6000 சுற்றில். அதே காரில் வந்த 1248 சிசி டீசல் வெறும் 75 பி.எஸ்., அது 4000 சுற்றில். பேப்பரில் பெட்ரோல்தான் ஜெயிக்கிறது. இப்போது டார்க், அதாவது முறுக்கு விசையைப் பாருங்கள் (தீபாவளி முறுக்கு அல்ல). பெட்ரோலுக்கு அதிகபட்சம் 113 நியூட்டன் மீட்டர், 4200 சுற்றில். டீசலுக்கு 190, அதுவும் 2000 சுற்றிலேயே.

டார்க்கைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 7024ஆல் வகுத்தால் அந்த நேரத்தில் எத்தனை குதிரை வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். 2000 சுற்றில் டீசலுக்கு 54 வருகிறது. பெட்ரோல் தன்னுடைய முழு 113ஐயும் 2000 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 32தான் வரும். உண்மையில் அதையும்விடக் குறைவு. நாலாவது கியரில் சோம்பலாக ஏறிக்கொண்டிருக்கும் பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தாலும் லாரியைத் தாண்ட முடியாததற்கு இதுதான் காரணம். "83 இருக்குன்னு சொன்னாங்களே, எங்கே?" என்று டிரைவர் தேடுவார். மற்ற குதிரைகள் எல்லாம் மேலே 6000 சுற்றில் புல் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு "அப்போ டார்க்தான் எல்லாம், பி.எச்.பி. சும்மா" என்று கிளம்புகிற கோஷ்டியும் உண்டு. அதுவும் தப்பு. பெட்ரோல் காரில் கியரை இறக்கி இஞ்சினை 4200 சுற்றுக்குக் கொண்டுபோனால் 67 குதிரை வந்துவிடும். லாரியைத் தாண்டிவிடலாம். இஞ்சின் கத்தும், பின் சீட்டில் இருக்கும் அத்தை "மெதுவாப் போப்பா" என்பார், அவ்வளவுதான். சக்தி என்பது சக்திதான். அதைத் தேடிப் போக வேண்டுமா, இருக்கிற இடத்திலேயே கிடைக்குமா என்பதுதான் வித்தியாசம். "பிக்கப்" என்று டிரைவர்கள் சொல்வது இந்த இரண்டாவது சங்கதியை.

அந்த டீசல் இஞ்சினை மாருதி 2020ல், பி.எஸ்.6 விதி வந்த சமயத்தில் நிறுத்திவிட்டது. அதன் இடத்தைச் சின்ன டர்போ பெட்ரோல் பிடித்துக்கொண்டு வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாயின் வென்யூவில் இரண்டு பெட்ரோல் இஞ்சின் உண்டு. 1197 சிசி சாதா இஞ்சின் 83 பி.எஸ்., 114 நியூட்டன் மீட்டர். 998 சிசி டர்போ 120 பி.எஸ்., 172 நியூட்டன் மீட்டர். சின்ன இஞ்சினுக்கு அதிக சக்தியா என்று கேட்டால், ஆம். புகையோடு வீணாய்ப் போகும் வேகத்தில் ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் திணிக்கிறார்கள். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும். இதில் பலர் பார்க்கும் எண் 120. தொப்பூரில் பார்க்க வேண்டிய எண் 1500. அந்த 172ம் 1500 சுற்றிலிருந்தே கிடைக்கத் தொடங்கி 4000 வரை குறையாமல் நிற்கிறது.

2024ல் வந்த புதிய ஸ்விஃப்ட்டில் சக்தி 90லிருந்து 82 பி.எஸ். ஆகக் குறைந்தபோது இணையத்தில் ஒரே புலம்பல். டார்க் குறைந்தது ஒரே ஒரு நியூட்டன் மீட்டர், 113லிருந்து 112. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

இனி இறக்கம்.

பாளையம் டோல்கேட் தாண்டி சேலம் நோக்கி இறங்கும் 40 டன் டிரெய்லர் ஒன்றுக்கு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதே சரிவு, அதே 60 கி.மீ. வேகம். 40,000 கிலோ, வினாடிக்கு 0.83 மீட்டர், வகுத்தல் 75. விடை 444. ஏறும்போது இஞ்சின் கொடுக்க வேண்டியிருந்த சக்தியை இப்போது பூமி இலவசமாகக் கொடுக்கிறது, வேண்டாம் என்றாலும் கொடுக்கிறது. காற்றும் டயரும் கொஞ்சம் தின்றது போக 350 குதிரைக்கு மேல் பின்னாலிருந்து தள்ளும். அத்தனையையும் தாங்க வேண்டியவை பிரேக் டிரம்கள். 100 மீட்டர் உயரம் இறங்குவதற்குள் அந்த லாரி விடும் சக்தி சூடாக மாறினால் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். டிரம் பழுத்துப்போனால் பிரேக் பிடிக்காது. மிதி மட்டும் உள்ளே போகும்.

வேகத்தை 20க்குக் குறைத்தால் 444 என்பது 148 ஆகிவிடும். கீழ் கியரில் போட்டால் அதில் பெரும் பங்கை இஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வாங்கிக்கொள்ளும். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் கிளீனர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஆனால் தொப்பூரில் நடப்பது பல நேரம் தலைகீழ். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு விடுகிறார்கள். இந்த இடத்து விபத்துகளுக்குப் போலீஸார் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணங்களில் இது ஒன்று. 2020 டிசம்பரில் கணவாயில் நின்றிருந்த வாகன வரிசையில் ஒரு லாரி மோதி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் ஒன்றோடொன்று மோதித் தீப்பிடித்து மறுபடி 4 பேர்.

இதில் வேதனை என்னவென்றால் அந்த டீசல் மிச்சமே பொய். இன்றைய காமன் ரயில் இஞ்சினில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இஞ்சினைச் சுற்றுவதால், டீசல் விநியோகம் மொத்தமாக நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். சாவியையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். லாரியில் ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் நின்றுவிடும். காரில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் போய்விடும்.

கார்காரர்கள் இதை லாரிப் பிரச்னை என்று ஒதுக்க முடியாது. சிலிண்டர் கொள்ளளவு சுருங்கச் சுருங்க இஞ்சின் பிடித்து நிறுத்தும் பலமும் சுருங்குகிறது. ஏற்றத்தில் ஜெயித்த 998 சிசி, இறக்கத்தில் டர்போ வேலை செய்யாதபோது வெறும் 998 சிசிதான். மூன்றாவது கியரில் அடங்காவிட்டால் இரண்டாவதுக்கு வர வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் டி-யிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் கையால் கியரைக் குறைத்துக்கொள்ளலாம். மின்சாரக் கார்கள் இறக்கத்தில் பேட்டரியை நிரப்பிக்கொண்டே வேகத்தைப் பிடிக்கும், கில்லாடிகள். ஆனால் தர்மபுரியிலேயே நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டுக் கிளம்பினால் பேட்டரியில் இடம் இருக்காது, அந்தப் பிடிப்பும் குறைந்துவிடும்.

இஞ்சின் எவ்வளவு பிடிக்கும் என்பதற்குப் பிரோஷரில் எண்ணே கிடையாது. இரட்டைப் பாலம் பக்கம் இறங்கும்போது கார் கண்ணாடியை இறக்கினால், பக்கத்தில் போகும் லாரியிலிருந்து கருகிய வாசனை வருகிறதா என்று தெரியும். வந்தால் அதன் முன்னால் போய் நுழைய வேண்டாம்.