ஆவி பறக்கும் பினாங்கு

பினாங்குக்குப் புறப்படுகிறோம் என்றால், தோட்டத்து லயமானாலும் பட்டணத்து அடுக்குமாடி வீடானாலும், முதலில் எழும் பேச்சு சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். தண்ணீர்மலை முருகன் தரிசனமும் கொடிமலை இரயிலும் அதற்குப் பிறகுதான். நாசி கண்டார் எந்தக் கடையில், சார் குவே தியோவ் எந்த முனையில், ரோஜாக் எங்கே என்று பட்டியல் போட்டுக்கொண்டேதான் பை கட்டுவோம்.

அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நெஞ்சுவலி கண்டு, இரத்தக் குழாயில் கம்பிச்சுருள் வைத்துக்கொண்டு மருத்துவமனையிலிருந்து திரும்பியவர். "நீங்கள் போய்விட்டு வாருங்கள், வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவரே சொல்லிவிடுவார். மற்றவர்களும் ஒரு பேச்சுக்கு வற்புறுத்திவிட்டு, கிளம்பிப் போய்விடுவார்கள்.

வாசக அன்பர்களே, அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பயணம் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாரானால், அழைத்துக்கொண்டே போங்கள். பினாங்கில் எண்ணெய்ச் சட்டிகள் கொதிக்கின்றன என்பது உண்மைதான். அதே தெருக்களில் விடியற்காலை முதல் இரவு வரை ஆவிப் பானைகளும் கொதித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகிறவருக்கு அங்கே பட்டினி இல்லை.

இரயிலில் வருகிறவர்கள் பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். 1985இல் பாலம் திறந்த பிறகு படகை மறந்தவர்கள் பலர். ஆனால் நோயாளியோடு போகிறவர்களுக்குப் படகுதான் நல்லது. நெரிசல் இல்லை, கடற்காற்று உண்டு, கால் மணி நேரத்துக்குள் அக்கரை. இப்போது ஓடுகிற புதிய படகுகள் 2023இல் வந்தவை. கார் ஏற்றமாட்டார்கள்; ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றுவார்கள்.

இறங்கி நிதானமாக நடந்தால் நம்முடைய கடைத்தெரு. மார்க்கெட் ஸ்திரீட் என்று பலகையில் இருக்கும். நம் பெரியவர்களுக்கு அது என்றைக்கும் கடைத்தெருதான். பக்கத்தில் குவீன் ஸ்திரீட்டில், 1833ஆம் ஆண்டுக் கோயிலான மகா மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தால் பசி எடுத்திருக்கும். காலை நேரத்தில் இந்த வட்டாரத்துக் கடைகளில் இட்டிலிக் கொப்பரையின் மூடியைத் தூக்கும்போது எழும் ஆவியே ஆளை உள்ளே இழுத்துவிடும்.

இட்டிலியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிசியும் உளுந்தும் புளித்து வெந்தது. எண்ணெய் என்பது தட்டில் தடவியதோடு சரி. ஆனால் இலையில் அதைச் சுற்றி வருகிறதே, அதைக் கவனியுங்கள். தேங்காய்ச் சட்டினி இரண்டு கரண்டி, மிதக்கிற எண்ணெயோடு மிளகாய்ப்பொடி, "அண்ணே, ஒரு வடை வைக்கட்டுமா?" என்கிற உபசாரம். தேங்காயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 33 கிராம் கொழுப்பு. அதில் பத்தில் ஒன்பது பங்கு, மருத்துவர்கள் குறைக்கச் சொல்லும் நிறைவுற்ற கொழுப்பு. சாம்பாரைத் தனிக் கிண்ணத்தில் வாங்கி, பருப்பையும் காயையும் அள்ளிச் சாப்பிட்டு, சாற்றைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டால் உப்பும் குறையும். சட்டினி விரல் நுனியளவு போதும். குடிக்க, பால் சர்க்கரை எதுவும் இல்லாத தே ஓ கோசோங். முதல் மிடறு கசக்கும்; நான்காம் நாள் பழகிவிடும்.

இடியப்பமும் இப்படித்தான். மலாய்க்காரர்கள் பூத்து மாயாம் என்று வாங்கிப்போவார்கள். மூங்கில் குழாயில் வேகும் புட்டு அவர்களுக்குப் பூத்து பம்பு. மாவும் நீரும் ஆவியும்தான் இவற்றில். மேலே குவிகிற தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும்தான் வம்பு. நம்மவர்களில் நெஞ்சுநோயோடு நீரிழிவும் சேர்ந்து வந்தவர்கள் நிறைய. அவர்களுக்கு வெள்ளை அரிசி மாவே அளவோடுதான். இரண்டு இடியப்பம், ஒரு கிண்ணம் பருப்பு என்று நிறுத்திக்கொண்டால் தொல்லையில்லை. கேழ்வரகுப் புட்டோ சிவப்பரிசி இடியப்பமோ கிடைக்கிற கடையைக் கண்டால் விடாதீர்கள்.

அடுத்த நாள் காலை சீனர் பக்கம் போய்ப் பாருங்கள். சிந்த்ரா தெரு வட்டாரத்தில் தின் சாம் கடைகள் உண்டு. மூங்கில் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு அடுக்கி, கீழே தண்ணீர் கொதிக்க, பார்க்கவே ஒரு கோபுரம் போலிருக்கும். அத்தனையும் ஆவியில் வெந்தவை ஆயிற்றே, பயமில்லை என்று நினைத்துக் கூடை கூடையாக எடுத்துவிடாதீர்கள். சியூ மாய் என்கிற உருண்டையில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கும். லோ மாய் காய் என்பது பசையரிசியும் கோழியும் சேர்ந்த கனத்த பண்டம். வெள்ளை வெளேரென்ற பாவ் ரொட்டியிலும் மாவோடு கொழுப்பைச் சேர்த்துப் பிசைகிற கடைகள் பல. மெல்லிய தோலுக்குள் இறால் வைத்த ஹார் காவ் ஒரு கூடை, அவித்த கீரை ஒரு தட்டு: அவ்வளவே நெஞ்சுநோயாளிக்கு உரியது. பன்றி, மாடு விலக்கியவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது. கேட்டால் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

சீ சியோங் பன் என்ற அரிசிச் சுருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவியில் எடுத்த அந்த மாவுத்தோல் குற்றமற்றது. ஆனால் பினாங்குக்காரர்கள் அதன்மேல் கறுப்பு இறால் விழுதும் இனிப்புக் குழம்பும் மிளகாயும் ஊற்றி எள் தூவித் தருவார்கள். அதில்தான் ருசி, உப்பும் இனிப்பும் ஒளிந்திருப்பதும் அதில்தான். பாதிக் குழம்பை ஒதுக்கித் தின்ன மனம் வரும் என்றால் வாங்குங்கள்.

ஆவி என்ற பெயரைச் சொல்லி நம்மை ஏமாற்றுவதில் முதலிடம் ஓத்தாக் ஓத்தாக்குக்குத்தான். மூவாரில் அதை நெருப்பில் வாட்டுவார்கள். பினாங்கு நோன்யாக்கள் வாழையிலையில் மடித்து ஆவியில் வைப்பார்கள். பிரித்தால் மீனும், காடோக் இலையின் வாசமும், முட்டைப் பதமும் சேர்ந்து மூக்கைத் துளைக்கும். எண்ணெய் ஒரு சொட்டு தெரியாது. ஆனால் அந்தப் பதத்தைக் கொடுப்பதே கெட்டித் தேங்காய்ப்பால்தான்! நாலு பேர் பங்கிட்டால் ஒரு வாய் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பொட்டலம் முழுதும் நெஞ்சுநோயாளிக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

நாசி கண்டாரா? நம் தமிழ் முஸ்லிம் பெரியவர்கள் காவடித் தண்டில் சுமந்து விற்ற சோறு அது. அதை இகழ எனக்கு மனமில்லை. எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுகிற வழக்கம்தான் இருதயத்துக்கு ஆகாது.

இனி மீனுக்கு வருவோம். இந்த ஊரில் மறக்கக்கூடாத உணவு அதுதான். தீவின் தென்கிழக்கு முனையில் பத்து மாவுங்கில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அந்தப் பக்கத்திலும் தெலுக் கும்பாரிலும் மாலையானால் கடலுணவுக் கடைகளில் அடுப்பு பற்றிவிடும். வெள்ளை வவ்வாலோ, கொடுவா என்று நாம் சொல்கிற சியாக்காப்போ, நீங்களே பார்த்துக் காட்டலாம். கண் பளபளவென்று, செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். பழைய மீனை மசாலாவில் பொரித்து மறைத்துவிடலாம். ஆவியில் மறைக்க முடியாது.

அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். பெரிய குவாலியில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் மீன் தட்டை உள்ளே வைக்கிறார்கள். மீனுக்கு அடியில் இஞ்சித் துண்டுகள், ஆவி கீழேயும் புகுந்து வரட்டும் என்பதற்காக. நீராவி மீன்மேல் பட்டு மறுபடி நீராகும்போது தன்னிடமுள்ள சூட்டையெல்லாம் மீனுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் 600 கிராம் மீன் பத்தே நிமிடத்தில் வெந்துவிடுகிறது. பொரிக்கிற எண்ணெயின் சூடு 180 பாகை. ஆவியின் சூடு 100 பாகையைத் தாண்டாது. மீன் கருகுவதுமில்லை, எண்ணெய் குடிப்பதுமில்லை.

தியோச்சூ முறையில் உப்பிட்ட கடுகுக்கீரை, உப்பிட்ட பிளம் பழம், தக்காளி, தௌஃபு சேர்ப்பார்கள். சாறு அமிர்தம், ஆனால் உப்பு அதிகம். கந்தோனீசு முறையில் சோயா கீச்சாப் ஊற்றி, இறக்கும் சமயத்தில் காய்ச்சிய எண்ணெயை மேலே சுரீரென்று விடுவார்கள். ஒரு மேசைக்கரண்டி கீச்சாப்பில் ஏறத்தாழ 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்கிற அளவு 5 கிராமுக்குக் கீழே. கணக்கு உங்களுக்கே புரியும். எலுமிச்சை, பூண்டு, சிறு மிளகாய் மட்டும் போட்டு அவிக்கும் சயாம் முறைதான் நெஞ்சுநோயாளிக்கு ஏற்றது. அதிலும் மீன் குழம்பைக் குறைக்கச் சொல்லுங்கள். எந்த முறையானாலும் "மிஞ்ஞாக் தா மாவு, கீச்சாப் ஆசிங்" என்று மலாயில் சொன்னால் போதும். எண்ணெய் வேண்டாம், கீச்சாப் தனியாக என்று புரிந்துகொள்வார்கள்.

சென்ற தடவை எங்களோடு அத்தானும் வந்திருந்தார். கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சுவலிக்குப் பிறகு கல்யாண வீடுகளுக்கே போவதை நிறுத்திவிட்டார்; போனாலும் தூக்குச்சட்டியில் ஓட்ஸ் கஞ்சி கொண்டுபோய்ப் பந்தியின் கடைசியில் உட்கார்வார். அன்றைக்கும் தூக்குச்சட்டி வந்திருந்தது. நான் கடைக்கார அம்மாளிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவர் அத்தானை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அங்கள் சாக்கிட் ஜந்துங்கா? போலே, போலே" என்று தலையசைத்துப் போனார். கேட்டவுடன் விளங்கிக்கொண்டார், அவர் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்.

சியாக்காப் வந்தது. மேசை நடுவில் ஆவி பறக்க வைத்தார்கள். அத்தான் கை நீட்டவில்லை. அக்காள்தான் கன்னப் பகுதியிலிருந்து ஒரு துண்டு எடுத்து அவர் தட்டில் வைத்து, "இதிலே எண்ணெய் இல்லேங்க, முள்ளு பார்த்துச் சாப்பிடுங்க" என்றாள். இரண்டாம் துண்டை அவரே எடுத்தார். மூன்றாம் துண்டுக்கு என் மகனோடு போட்டி போட்டார். தலைப்பகுதி யாருக்கு என்பதில் இருவருக்கும் வாக்குவாதம். தூக்குச்சட்டியை எவரும் திறக்கவில்லை.

வாரம் இரண்டு முறையாவது மீன் சாப்பிடச் சொல்கிறது அமெரிக்க இருதயச் சங்கம். அதற்காக வவ்வாலும் சியாக்காப்பும் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை. நம் பாசாரில் மலிவாகக் கிடைக்கிற கெம்போங் மீனில் இருதயத்துக்கு நல்லதென்று சொல்லப்படுகிற ஒமேகா 3 நிறையவே உண்டு. திரும்பும்போது சீனர் பாத்திரக் கடையில் ஒரு மூங்கில் கூடை வாங்கி வாருங்கள். இல்லையென்றாலும் குற்றமில்லை, வீட்டு இட்டிலிக் கொப்பரை போதும். தட்டுகளை எடுத்துவிட்டு உள்ளே ஒரு முக்காலி வளையம் வைத்து, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு மீன் தட்டை இறக்குங்கள். இரண்டு கெம்போங், நிறைய இஞ்சி, நாலு பல் பூண்டு, கீறிய மிளகாய், கொஞ்சம் மஞ்சள்தூள். மூடி பத்து நிமிடம். முதுகுப் பக்கம் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். சதை முள்ளைவிட்டு வழுவழுவென்று பிரிந்தால் வெந்துவிட்டது என்று பொருள். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சையைப் பிழியுங்கள். முன்னாலேயே பிழிந்தால் கசக்கும்.