எட்ட நின்று கிட்டப் பார்!

அடையாறு முகத்துவாரத்தில் பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. கிட்டே போனால், இரை தேடும் பறவை சாப்பாட்டை விட்டுப் பறந்துவிடும். எட்ட நின்றால் வெறும் புள்ளிதான். இதற்குப் பரிகாரம் முக்காலியில் ஏற்றிய தொலைநோக்கி. ஆனால் அது ஒற்றைக் கண் சமாசாரம். நான் கண்டதை என் சகதர்மிணி நம்பத்தான் வேண்டும்!

1999-இல் மலேசியாவைச் சேர்ந்த லாரன்ஸ் போ, தம் டிஜிட்டல் காமிராவைத் தொலைநோக்கியோடு சேர்த்துப் படமெடுத்து வழிகாட்டினார். இன்று கைப்போனே போதும். கண்வில்லைமேல் ஒரு கவ்வியால் பொருத்திவிடலாம்.

சூட்சுமம் ஒன்றுதான். 60 மில்லிமீட்டர் முகப்பு வில்லையில் 20 மடங்கு பெருக்கினால், வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் 3 மில்லிமீட்டர். 60 மடங்கென்றால் வெறும் 1. போனின் லென்ஸ் அதற்கு நேராக அமராவிட்டால் திரையில் கிரகணந்தான்! ஆகவே 20-ஐத் தாண்ட நான் ஆசைப்படுவதில்லை.

மூட்டு வலியால் மயிலாப்பூர் வீட்டோடு இருக்கும் என் மாமியார், நெடுங்கால் உள்ளானின் சிவந்த கால்களைத் திரையில் பார்த்துப் பதறினார்:

"இவ்வளவு கிட்டே போயிருக்கேளே மாப்பிள்ளை, அது பயந்துக்காதோ?"

"நான் இருந்ததே அதற்குத் தெரியாது!" என்றேன்.

படத்தைவிட அந்தப் பதிலில்தான் எனக்குப் பெருமை.